காஷ்மீரப் பண்டிதர் வீட்டுத் தம் ஆலு: முதன்முறை சமைப்பவர்களுக்கு

உணவகத்தில் காஷ்மீரி தம் ஆலு என்று கேட்டால், பெரும்பாலும் முந்திரி அரைத்துவிட்ட, சற்றே இனிக்கும் செந்நிறக் குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்குகளே மேசைக்கு வருகின்றன. சில இடங்களில் கிழங்கைக் குடைந்து, உள்ளே பனீரும் உலர்திராட்சையும் அடைத்துத் தருகிறார்கள். அதுவும் உண்ணத் தக்க பண்டமே. ஆனால் காஷ்மீரப் பண்டிதர்கள் எனப்படும் காஷ்மீரத்து இந்து பிராமணச் சமூகத்தினர் தங்கள் வீடுகளில் 'தம் ஓலவ்' என்று சொல்லிச் சமைக்கும் கறிக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு. வீட்டுக் கறியில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, தக்காளி இல்லை, முந்திரியும் பாலேடும் இல்லை. கடுகெண்ணெய், தயிர், காஷ்மீரி மிளகாய்த்தூள், சோம்புத்தூள், சுக்குத்தூள், பெருங்காயம் ஆகிய ஆறுமே அதைத் தாங்கி நிற்பவை. பட்டை, கிராம்பு, ஏலம் போன்றவை துணைக்கு வருபவை.

வெங்காயமும் பூண்டும் இல்லை என்றதும் இதைச் சைவ உணவுக்காரர்களின் சமையல் என்று நாம் எண்ணிவிடுவோம். பண்டிதர்கள் ஆட்டிறைச்சியும் மீனும் உண்பவர்கள். ஆயினும் அவர்களுடைய மரபான சமையலில் இறைச்சிக்குக்கூட வெங்காயமும் பூண்டும் சேர்வதில்லை. அவற்றின் இடத்தைப் பெருங்காயமும் சோம்பும் சுக்கும் எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் 'ஹேரத்' என்று அழைக்கும் சிவராத்திரி விருந்திலும் திருமண வீட்டுப் பந்தியிலும் தாமரைத்தண்டு, பனீர்க் கறிகளோடு தம் ஓலவும் இடம்பெறுவது வழக்கம்.

சமையலறைக்குள் நுழையும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கறியின் வெற்றியும் தோல்வியும் குழம்பில் இல்லை, கிழங்கில் இருக்கின்றன. குழம்பு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கிழங்கை வேகவைத்து, ஆறவைத்து, துளையிட்டு, நிதானமாகப் பொரித்தெடுக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நான் முதன்முறை செய்தபோது பொரிக்கும் வேலையை ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். குழம்பு அழகாகச் சிவந்திருந்தது. கிழங்கைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே உப்புக்கூட ஏறாமல் வெள்ளையாக, வெறும் அவித்த கிழங்காகவே இருந்தது.

கிழங்கும் எண்ணெயும்

நான்கு பேருக்கு எலுமிச்சம்பழ அளவுள்ள உருளைக்கிழங்குகள் பதினான்கு, ஏறத்தாழ 700 கிராம், போதும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் சிறியவை கருகும்போது பெரியவை வெளுத்தே கிடக்கும். கோலிக்குண்டு போன்ற மிகச் சிறிய கிழங்குகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் பொரிக்கும்போது முழுவதும் மேல்தோடாகவே மாறிவிடுவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பெரிய கிழங்குகள் மட்டுமே கிடைத்தால் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். நறுக்கிய முகம் எண்ணெயை அதிகம் குடிக்கும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. பச்சை பாய்ந்த கிழங்குகளையும் முளைவிட்டவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் பல நாள் இருந்த கிழங்கும் இதற்கு ஆகாது. குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. அத்தகைய கிழங்கை எண்ணெயில் இட்டால், உள்ளே ஈரம் வற்றுவதற்கு முன்பே வெளிப்புறம் கருத்துவிடும்.

எண்ணெய் கடுகெண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். வட இந்தியப் பலசரக்குக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் 'கச்சி கானி' என்று அச்சிட்ட புட்டிகளில் விற்பது செக்கில் குளிர்முறையில் ஆட்டிய கடுகெண்ணெய்; அதுவே ஏற்றது. அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் வாங்கும் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற வாசகத்தைக் காண்பார்கள். கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் மிகுதி என்பதால் அந்நாட்டு அரசு அதைச் சமையல் எண்ணெயாக ஏற்பதில்லை. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் அதுவே அன்றாடச் சமையல் எண்ணெய். கடுகெண்ணெய் வேண்டாம் என்பவர்கள் கடலையெண்ணெயில் செய்யலாம், கறி நன்றாகவே வரும்; ஆனால் அதற்குரிய மணம் இராது. நல்லெண்ணெயை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தனிமணம் சோம்போடு போட்டியிட்டுக் கறியை வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடுகிறது.

மசாலாப் பொருள்கள்

காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி. அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். இந்த மிளகாய் நிறத்தை வாரி வழங்கிக் காரத்தைக் குறைவாகவே தரும். அதே நம்பிக்கையில் குண்டூர் மிளகாய்த்தூளையோ வீட்டில் சாம்பாருக்கு வைத்திருக்கும் தூளையோ ஒரு மேசைக்கரண்டி போட்டுவிட்டால் கறியை வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி கிடைக்காதபோது கர்நாடகத்து பியாடகி மிளகாயை வாங்கி, விதை நீக்கி அரைத்துக்கொள்ளலாம்.

சோம்புத்தூள் இரண்டரைத் தேக்கரண்டி. இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்று சொல்வது இதைத்தான். வறுக்காமல், பச்சையாகவே மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். நம்மூர்க் குருமாவுக்கு வறுத்து அரைக்கும் பழக்கத்தில் இதையும் வறுத்துவிடுவோம். வறுத்தால் அந்த இனிய குளிர்ந்த மணம் போய்விடும். சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி. சுக்கு நம் வீடுகளில் காப்பிக்கும் கஷாயத்துக்குமே உரியதாக இருப்பதால், கறியில் போட முதலில் தயக்கமாக இருக்கலாம். காஷ்மீரச் சமையலில் இஞ்சியின் இடத்தைப் பெரும்பாலும் சுக்கே நிரப்புகிறது. தொண்டையில் மெல்ல ஏறும் அதன் காரம்தான் மிளகாயின் மென்மையை ஈடுசெய்கிறது.

கால் தேக்கரண்டிப் பெருங்காயத்தூளை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயமாக இருந்தால் மிளகளவு போதும். இவற்றோடு கிராம்பு நான்கு, பச்சை ஏலக்காய் நான்கு, பெரிய ஏலக்காய் என்னும் கறுப்பு ஏலக்காய் இரண்டு, ஓர் அங்குலப் பட்டை, ஒரு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி ஷாஜீரா ஆகியவை வேண்டும். ஷாஜீரா வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அதைக் கருஞ்சீரகம் என்று சொல்லி வாங்காதீர்கள். நம் கடைகளில் கருஞ்சீரகம் என்று தருவது முக்கோண வடிவிலான, அடர்கறுப்பு நிறமுள்ள வேறொரு விதை. ஷாஜீரா சாதாரணச் சீரகத்தைவிட மெலிந்து, சற்றே வளைந்து, பழுப்புக் கறுப்பாக இருக்கும். பிரியாணிக்கு மசாலா கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். கிடைக்காவிட்டால் சாதாரணச் சீரகமே போதும்.

தயிர் 200 கிராம், சற்றே புளித்தது. வீட்டில் உறையூற்றியதை முதல் நாள் இரவு வெளியில் வைத்திருந்தால் வேண்டிய புளிப்பு ஏறியிருக்கும். தண்ணீர் விட்டுக்கொண்ட தயிராக இருந்தால் மெல்லிய துணியில் இருபது நிமிடம் கட்டித் தொங்கவிடுங்கள்.

வேகவைத்து, குத்தி, பொரித்தல்

கிழங்குகளைத் தோலோடு ஒரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து அடுப்பேற்றுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முக்கால் பதத்துக்கு வந்துவிடும். கத்தி முனையால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஆனால் நடுவில் சற்றே தடுக்க வேண்டும், அதுவே பதம். குக்கரில் வைத்தால் ஒரு விசிலுக்கும் குழைவுக்கும் இடையே நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தையே நான் விரும்புகிறேன். வடித்து, முழுவதும் ஆறவிட்டு, தோலுரித்துக்கொள்ளுங்கள். சூட்டோடு உரித்தால் கிழங்கின் மேற்பரப்பும் தோலோடு பிய்ந்து வரும். நேரம் இருந்தால் உரித்த கிழங்குகளை ஒரு தட்டில் பரப்பி அரை மணி நேரம் மின்விசிறிக்கடியில் வைத்து உலர்த்தலாம். எண்ணெய் தெறிப்பது அதனால் வெகுவாகக் குறையும்.

அடுத்தது குத்தும் வேலை. பல் குத்தும் குச்சியாலோ மெல்லிய கம்பியாலோ ஒவ்வொரு கிழங்கையும் சுற்றிச் சுற்றி இருபது இருபத்தைந்து இடங்களில் குத்த வேண்டும். குச்சி நடுப்பகுதி வரை போக வேண்டும். முள்கரண்டியால் குத்தினால் வேலை விரைவாக முடியும், ஆனால் அதன் பற்கள் ஆழம் போவதில்லை, கிழங்கும் பிளந்துவிடுகிறது. கிழங்கைக் கையில் வைத்துக் குத்தும்போது ஒரே திசையில் குத்தாமல், ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பிக்கொண்டே போனால் உடையாது. பதினான்கு கிழங்குக்கும் சேர்த்து கால் மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையை வீட்டில் சும்மா இருக்கும் சிறுவர்களிடம் ஒப்படைத்துவிடலாம். பொரியும்போது உள்ளிருக்கும் நீராவி இந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பிறகு குழம்பு உள்ளே ஏறுவதும் இதே வழியில்தான். துளை குறைந்தால் கிழங்கு எண்ணெயில் வெடிக்கவும் கூடும்.

இரும்புக் கடாயில் 400 மி.லி. கடுகெண்ணெயை ஊற்றி, மேற்பரப்பில் மெல்லிய புகை எழும் வரை காய்ச்சுங்கள். அப்போது எண்ணெயின் அடர்மஞ்சள் நிறம் வெளிறி, மூக்கில் ஏறும் நெடி தணிந்திருக்கும்; பச்சைக் கடுகெண்ணெயின் காட்டத்துக்குக் காரணமான பொருள் சூட்டில் ஆவியாகிவிடுவதே அதற்குக் காரணம். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. புகை கண்டதும் அடுப்பை அணைத்து, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, மீண்டும் மிதமான தீயில் வைத்துக் கிழங்குகளை இடுங்கள். புகையும் எண்ணெயிலேயே கிழங்கைப் போடுவது புதியவர்கள் பலரும் செய்யும் பிழை. இரண்டே நிமிடத்தில் மேல்தோல் கருகி, உட்புறம் ஈரமாகவே நின்றுவிடும்.

ஒரு முறைக்கு ஏழு கிழங்குக்கு மேல் வேண்டாம். மிதத்துக்கும் சிறுதீக்கும் இடையே வைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டு, பதினைந்து முதல் இருபது நிமிடம் பொரிக்க வேண்டும். முதலில் நுரை பொங்கும். பின் சலசலப்பு குறையும். நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து பொன்னிறமாகி, அதையும் கடந்து செம்பழுப்பாகும். பொன்னிறம் வந்ததுமே எடுத்துவிடத் தோன்றும். அந்த ஆசைக்கு இணங்காதீர்கள். கரண்டியால் தட்டினால் 'டொக்' என்று ஓசை வரும் அளவுக்கு மேல்தோடு கெட்டிப்பட வேண்டும். இவ்வளவு நேரம் நிதானமாகப் பொரிவதால்தான் கிழங்கின் உள்ளிருக்கும் ஈரம் வற்றி, அது கடற்பஞ்சு போலாகிறது. ஈரம் விட்டுப்போன இடத்தைப் பின்னர் குழம்பு பிடித்துக்கொள்கிறது. எடுத்து எண்ணெய் வடியவிட்டு, சற்று ஆறியதும் ஒவ்வொன்றிலும் மீண்டும் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். பொரியும்போது சில துளைகள் மூடிக்கொண்டிருக்கும்.

குழம்பும் தம்மும்

அடி கனத்த, இறுக மூடக்கூடிய பாத்திரத்தில், பொரித்த எண்ணெயிலிருந்தே ஐந்து மேசைக்கரண்டியை வடிகட்டி ஊற்றுங்கள். தயிரை உப்பில்லாமல், கட்டியில்லாமல் நன்றாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்ச்சியாக இல்லாமல் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். மிளகாய்த்தூளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் நான்கு மேசைக்கரண்டித் தண்ணீரில் குழைத்து வையுங்கள். இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பின் எதையும் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

எண்ணெய் காய்ந்ததும் கிராம்பு, பட்டை, தட்டிய கறுப்பு ஏலக்காய், பிரிஞ்சி இலை, இரண்டு பச்சை ஏலக்காய் ஆகியவற்றைப் போடுங்கள். கிராம்பு உப்பியதும் தீயைக் குறைத்து, பெருங்காய நீரை ஓரமாக ஊற்றுங்கள். சடசடவென்று தெறிக்கும் என்பதால் மூடியை ஒரு கையில் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம். தெறிப்பு அடங்கியதும் மிளகாய் விழுதைச் சேர்த்துச் சிறுதீயில் ஒரு நிமிடம் கிளறினால், தண்ணீர் வற்றி எண்ணெய் செக்கச்செவேலென்று பிரியும். மிளகாயின் நிறமி எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரையாதது. குழம்பின் மேல் மிதக்கப்போகும் அந்தச் சிவப்பு இந்த ஒரு நிமிடத்தில்தான் பிறக்கிறது. தூளை அப்படியே எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும் என்பதற்காகவே நீரில் குழைக்கிறோம். கருகிய வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். அந்தக் கசப்பைத் தயிரோ சர்க்கரையோ மறைக்காது.

பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அடித்த தயிரை மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முழுவதும் கலந்த பின்பே அடுத்ததை ஊற்றுங்கள். பிறகு சிறுதீயில் ஏற்றி, கொதி வரும் வரை கையை எடுக்காமல் ஒரே சீராகக் கிளற வேண்டும். திடீர்ச் சூட்டில் தயிரின் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுவதையே திரிந்துபோதல் என்கிறோம். சூட்டை மெல்ல ஏற்றுவதும் கிளறுவதும் அதைத் தடுக்கத்தான். ஒருமுறை கொதித்துவிட்டால் பெரும்பாலும் அபாயம் நீங்கிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் தயிர் சுண்டி, அடர்சிவப்பாகி, ஓரங்களில் எண்ணெய் கக்கும். இலேசாகத் திரிதிரியாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம், தம்மில் சரியாகிவிடும். கடலை மாவையோ சோள மாவையோ சேர்த்தால் திரியாது என்று சிலர் சொல்வதும் உண்மைதான். ஆனால் குழம்பு கொழகொழப்பாகிக் கிழங்கினுள் ஏற மறுக்கும்.

இப்போது 400 மி.லி. வெந்நீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, சோம்புத்தூள், சுக்குத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். குழம்பு இந்த நிலையில் ரசம் போல நீர்த்திருப்பதைக் கண்டு தண்ணீர் கூடிவிட்டதோ என்று தோன்றும். இல்லை, பாதியைக் கிழங்கே குடித்துவிடும். கொதித்ததும் கிழங்குகளைச் சேர்த்து, மூடியிட்டு, மிகச் சிறுதீயில் முப்பது நிமிடம் விடுங்கள்.

'தம்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மூச்சு, ஆவி என்று பொருள். பிரியாணிக்குத் தம் போடுவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆவியை வெளியே விடாமல் அதனுள்ளேயே வேகவிடுவதுதான். மூடி தளர்வாக இருந்தால் கோதுமை மாவைப் பிசைந்து விளிம்பில் ஒட்டலாம், அல்லது ஈரத்துணியை மூடியின் விளிம்பில் சுற்றி, நுனிகள் தீயில் படாதவாறு மேலே முடிந்துகொள்ளலாம். பாத்திரத்தின் அடி மெலிந்ததாக இருந்தால் கீழே தோசைக்கல்லை வைத்துவிடுங்கள். இடையில் கரண்டியால் கிளறாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தைப் பிடித்து மெல்லக் குலுக்கிவிட்டால் போதும்.

திறந்து பார்க்கையில் குழம்பு பாதியாகச் சுண்டி, மேலே சிவந்த எண்ணெய் படர்ந்திருக்க வேண்டும். கிழங்கு ஊறிச் சற்றே பருத்திருக்கும். ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளை தெரிந்தால் அரைக் குவளை வெந்நீர் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் தம்மில் விடுங்கள். பதம் சரியாக இருந்தால் மீதமுள்ள இரண்டு பச்சை ஏலக்காயையும் ஷாஜீராவையும் உரலில் இடித்துத் தூவி, அடுப்பை அணைத்து, மூடியபடியே கால் மணி நேரம் வையுங்கள். கொத்தமல்லித்தழை தேவையில்லை. மேலே மிதக்கும் எண்ணெயைப் பார்த்து மனம் உறுத்தினால் பரிமாறும்போது வடித்துக்கொள்ளலாம், ஆனால் சமைக்கும்போது குறைக்காதீர்கள்.

காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோறு உண்பவர்கள். நாணுக்குத்தான் இது பொருந்தும் என்று எண்ணாமல் சூடான வெள்ளைச் சோற்றோடு பரிமாறுங்கள். வெங்காயமும் தக்காளியும் இல்லாததால் இந்தக் குழம்பு கெட்டியாகச் சோற்றின் மேல் உட்காராது. பருக்கைகளுக்கிடையே இறங்கிப் பரவும். கிழங்கைத் தட்டில் பிட்டு, குழம்போடு சேர்த்துப் பிசைந்து உண்பதே முறை. கூடவே நீர்க்கக் கடைந்த கீரையோ வெறும் தயிரோ இருந்தால் போதும்.

சமைத்த அன்றைவிட மறுநாள் இதன் சுவை கூடுகிறது என்பதால், விருந்துக்குச் செய்வதானால் முதல் நாளே செய்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். சூடாக்கும்போது குழம்பு கெட்டிப்பட்டிருக்கும்; இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, மூடி போட்டுச் சிறுதீயில் சூடாக்குங்கள். பொரித்து மிஞ்சிய கடுகெண்ணெயை வடிகட்டி, மறுமுறை பொரிக்காமல், ஒரு வாரத்துக்குள் தாளிப்புக்கும் கீரை வதக்கவும் தீர்த்துவிடுங்கள்.